கில்கென்னியிலிருந்து டோக்கியோ வரை: மேவ் கைலின் ஆட்ட வாழ்க்கை

மேவ் கைல் அயர்லாந்து ஹாக்கி அணிக்காக 58 பன்னாட்டு ஆட்டங்கள் ஆடியவர். ஒலிம்பிக் தடகளத்தில் அந்த நாட்டின் சார்பில் ஓடிய முதல் பெண். 1956 மெல்போர்ன், 1960 ரோம், 1964 டோக்கியோ என்று அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக்கில் ஓடினார். டென்னிஸ், கிரிக்கெட், நீச்சல், பாய்மரப் படகு ஆகியவற்றிலும் போட்டிகளில் இறங்கினார். ஒருவரே இத்தனை ஆட்டங்களில் சிறந்ததை உடல்வளத்தின் கொடை என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிக் கதைதான் கையில் கிடைக்கும். அன்றைய அயர்லாந்தில் ஒரு பெண் எதை ஆடலாம், யார் பார்க்க ஆடலாம், எந்த நாட்டின் பேரில் ஆடலாம் என்பதையெல்லாம் பள்ளியும் மதமும் அரசியல் எல்லையும் சேர்ந்து முடிவு செய்தன. ஒரு கதவு சாத்தியிருந்த இடத்தில் இன்னொன்று திறந்திருந்தது. அப்படித் திறந்திருந்த கதவுகள் எல்லாவற்றிலும் நுழைந்தவர் கைல்.

அவற்றுள் முதலில் திறந்தது டென்னிஸ். டப்ளினில் ஃபிட்ஸ்வில்லியம் டென்னிஸ் கழகம் 1877இல் தொடங்கியது. 1879இல் நடந்த முதல் அயர்லாந்து சாம்பியன் போட்டியிலேயே பெண்களுக்கும் ஒற்றையர் ஆட்டம் வைக்கப்பட்டது. விம்பிள்டனில் பெண்கள் ஆட 1884 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முதல் பட்டத்தை வென்ற மே லாங்ரிஷ் அப்போது 14 வயதுச் சிறுமி. கில்கென்னி மாவட்டத்து நாக்டாஃபரைச் சேர்ந்த பிரபுக் குடும்பம் அவருடையது. அதே மாவட்டத்தின் பாலிராகெட்டில் பிறந்த மேபல் கேஹில் 1891, 1892 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்க தேசிய ஒற்றையர் பட்டத்தை வென்றார். பக்கத்து மாவட்டமான டிப்பரரியைச் சேர்ந்த லீனா ரைஸ் 1890இல் விம்பிள்டனை வென்றார். அதன் பிறகு இன்றுவரை எந்த அயர்லாந்துப் பெண்ணும் அந்த ஒற்றையர் பட்டத்தை வென்றதில்லை. விடுதலை பெற்ற அயர்லாந்து 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முதன்முதலாக அணி அனுப்பியபோது அதில் இடம்பெற்ற பெண்களான ஃபீபி பிளேர்-வைட், ஹில்டா வாலிஸ் ஆகிய இருவரும் டென்னிஸ் ஆட்டக்காரர்களே.

டென்னிஸ் பெண்களுக்கு எளிதில் கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. அது வீட்டுப் புல்வெளியில், விருந்தினர் முன்னால், நீண்ட பாவாடையோடு ஆடக்கூடியதாக இருந்தது. நிலவுடைமைக் குடும்பங்களின் பெண்கள் ஆடினார்கள். பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் குடும்பங்கள். காசு கொடுத்து நுழையும் கூட்டத்தின் முன்னால் கால் தெரிய ஓடுவது வேறு கதை. அந்தக் கதவு திறக்க அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

மேவ் ஷாங்கி, பின்னாளின் மேவ் கைல், 1928 அக்டோபர் 6 அன்று கில்கென்னியில் பிறந்தார். தந்தை கில்கென்னி கல்லூரி என்ற பழைய ஆண்கள் பள்ளியின் தலைமையாசிரியர். எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் படித்த பள்ளி அது. அயர்லாந்து திருச்சபை எனப்படும் ஆங்கிலிகன் பிரிவைச் சேர்ந்தது. பள்ளி வளாகத்திலேயே வீடு. சுற்றிலும் பையன்கள், மைதானங்கள். விளையாட வேண்டுமென்றால் பையன்களோடுதான் விளையாட வேண்டும். அவர் விளையாடினார். பிற பெண்களுக்கு இருபது வயதில் போராடியும் கிடைக்காத ஒன்று, மைதானம் தன்னுடைய இடமும்தான் என்ற நினைப்பு, அவருக்கு அந்த வயதிலேயே படிந்துவிட்டது. பிற்கால வாழ்க்கையில் அவருக்கு மிகவும் உதவிய மூலதனம் இதுவே என்று தோன்றுகிறது.

தாய்வழித் தாத்தா வில்லியம் திரிஃப்ட் இயற்பியல் பேராசிரியர், நாடாளுமன்ற உறுப்பினர். 1937 முதல் 1942 வரை டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் தலைவராகவும் இருந்தவர். மேவ் டப்ளினில் அலெக்சாண்ட்ரா கல்லூரியில் பள்ளிப் படிப்பை முடித்து, பின்னர் டிரினிட்டியில் அறிவியல் படித்தார். இந்த விவரங்கள் குடும்பப் பெருமைக்காகச் சொல்லப்படுபவை அல்ல. கத்தோலிக்க மாணவர்கள் டிரினிட்டியில் சேரக்கூடாது என்று ஆயர்கள் விதித்திருந்த தடை 1970 வரை நீடித்தது. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் மேவ் வளர்ந்தது ஒரு சிறுபான்மைக் கல்வி உலகத்துக்குள். அந்த உலகத்தில் பெண்கள் விளையாடுவது பாவம் அல்ல. பாடத்திட்டத்தில் ஒரு பகுதி. குளிர்காலத்தில் ஹாக்கி, கோடையில் டென்னிஸும் நீச்சலும் என்று ஆண்டு முழுவதற்கும் ஆட்டம் இருந்தது. ஒரே ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அப்படி நின்றால் சோறு போடும் ஆட்டம் எதுவும் பெண்களுக்கு இருக்கவும் இல்லை.

ஹாக்கியில் அயர்லாந்துப் பெண்களுக்கு நீண்ட மரபு உண்டு. பெண்களுக்கான தேசிய ஹாக்கிச் சங்கம் 1894இல் டப்ளினில் உருவானது. 1896இல் அயர்லாந்தும் இங்கிலாந்தும் டப்ளினில் மோதிய ஆட்டம்தான் பெண்கள் ஹாக்கியின் முதல் பன்னாட்டு ஆட்டம். அதில் வென்றது அயர்லாந்து. மேவ் 1940களின் பிற்பகுதியில் தேசிய அணிக்குள் வந்து, 1960களின் நடுப்பகுதி வரை ஆடினார். வாழ்ந்த இடம் மாறியதற்கேற்ப நான்கு மாகாணங்களில் மூன்றின் அணிகளில் ஆடியிருக்கிறார். 1953இலும் 1959இலும் உலகச் சிறந்த வீராங்கனைகளின் அணியில் அவர் பெயர் இடம்பெற்றது. பெண்கள் ஹாக்கிக்கு அப்போது உலகக் கோப்பை கிடையாது. ஒலிம்பிக்கில் அது சேர்ந்ததே 1980இல்தான். எனவே உலகின் மிகச் சிறந்தவர்களுள் ஒருவர் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட ஆட்டத்தில் அவருக்கு ஒலிம்பிக் வாய்ப்பே இல்லை. ஓட்டத்துக்கு அவர் வந்ததைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஹாக்கி ஆடுவதிலும் அரசியல் இருந்தது. அயர்லாந்தின் மரபான கேலிக் ஆட்டங்களை நடத்திய கேலிக் தடகளச் சங்கம் கால்பந்து, ரக்பி, ஹாக்கி, கிரிக்கெட் ஆகிய நான்கையும் அந்நிய ஆட்டங்கள் என்று ஒதுக்கியது. தன் உறுப்பினர் அவற்றை ஆடவும் கூடாது, பார்க்கவும் கூடாது என்று விதித்தது. நாட்டின் குடியரசுத் தலைவரான டக்ளஸ் ஹைட் 1938இல் ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பார்த்ததற்காக அச்சங்கத்தின் புரவலர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். இந்தத் தடை 1971 வரை இருந்தது. ஹாக்கி மட்டையைக் கையில் எடுத்த ஒரு பெண், தான் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஒரு பக்கம் சேர்ந்தவராகவே பார்க்கப்பட்டார்.

தடகளத்தின் நிலை இதைவிடச் சிக்கலானது. 1922இல் தீவு முழுவதற்குமாக உருவான தேசிய தடகள, சைக்கிள் சங்கம் 1934இல் ஆண்களின் போட்டி நடக்கும் அதே மைதானத்தில் பெண்களுக்கும் போட்டி வைக்க முடிவெடுத்தது. அதை எதிர்த்துக் கிளம்பியவர்களில் முன்நின்றவர் ஜான் சார்ல்ஸ் மக்குவெய்ட். அப்போது அவர் டப்ளினின் பிளாக்ராக் கல்லூரித் தலைவர். 1940 முதல் 1972 வரை டப்ளின் பேராயராக இருந்து நாட்டின் பொதுவாழ்வையே ஆட்டிவைத்தவர். ஆணும் பெண்ணும் கலந்த தடகளம் அயர்லாந்துப் பண்புக்கும் கத்தோலிக்க நெறிக்கும் ஒவ்வாதது என்று அவர் பத்திரிகைக்கு எழுதினார். பெண்கள் கலந்துகொள்ளும் போட்டிகளுக்குத் தன் கல்லூரிப் பையன்களை அனுப்பப் போவதில்லை என்றும் அறிவித்தார். சங்கம் பின்வாங்கியது. ஒரு கல்லூரித் தலைவரின் எதிர்ப்பு, ஒரு தலைமுறைப் பெண்களை ஓடுபாதைக்கு வெளியே நிறுத்த உதவியது. தடகள வரலாற்றில் இதை ஓரக்குறிப்பாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது. அந்த முடிவால் ஓடாமலே போனவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அடுத்த ஆண்டே அந்தச் சங்கத்துக்கும் சோதனை வந்தது. வடக்கு அயர்லாந்தின் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனின் கீழ் இருப்பதை ஏற்று, எல்லைக்குத் தெற்கோடு நின்றுகொள்ளும்படி பன்னாட்டுத் தடகளச் சம்மேளனம் கேட்டது. சங்கம் மறுத்தது, 1935இல் இடைநீக்கம் செய்யப்பட்டது. 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்கு அயர்லாந்து அணியே போகவில்லை. 1937இல் எல்லையை ஏற்றுக்கொண்ட புதிய சங்கம் ஒன்று தெற்கில் தோன்றியது. வடக்கில் தனிச் சங்கம் இருந்தது. இப்படி ஒரு சிறிய தீவில் மூன்று தடகள அமைப்புகள். ஒன்றின் போட்டியில் ஓடியவர் இன்னொன்றின் போட்டியில் ஓட முடியாத நிலை 1967 வரை தொடர்ந்தது. அந்த ஆண்டில்தான் தெற்கில் பெரும்பாலோர் ஒரே அமைப்பாகக் கூடினர்.

மேவின் பாதையைத் திருப்பியது திருமணம். கணவர் ஷான் கைல் வடக்கு அயர்லாந்தின் பாலிமீனாவைச் சேர்ந்தவர், தடகளப் பயிற்சியாளர். மனைவியின் ஹாக்கி வேகத்துக்குள் ஓர் ஓட்டக்காரி இருப்பதைக் கண்டுகொண்டவர் அவரே. 1950களின் நடுவில் இருவரும் பாலிமீனாவில் ஒரு தடகளக் கழகத்தைத் தொடங்கினார்கள்; பின்னாளில் பாலிமீனா, ஆன்ட்ரிம் தடகளக் கழகமாக வளர்ந்தது அதுதான். வடக்கில் பெண்கள் தடகளம் பிரிட்டனின் நடைமுறையை ஒட்டி நடந்துவந்தது. ஆயர்களின் சொல் அங்கே அவ்வளவாகச் செல்லவில்லை. ஆக, எல்லையைத் தாண்டி வடக்கே குடிபோனதும் அவருக்கு ஓடுபாதை கிடைத்தது. முறையான தடகளப் பயிற்சிக்கு அவர் வந்தபோது வயது 25ஐத் தாண்டிவிட்டது. கையில் குழந்தையும் இருந்தது.

வடக்கில் வாழ்ந்தாலும் தெற்கில் பிறந்தவர் என்பதால் ஒலிம்பிக்கில் அயர்லாந்துக்காக ஓடுவது அவருக்கு இயல்பாக அமைந்தது. 1956 மெல்போர்ன் அணிக்கு அவர் தேர்வானதும் பத்திரிகைகளுக்குக் கண்டனக் கடிதங்கள் வந்தன. கணவனையும் கைக்குழந்தையையும் விட்டு உலகத்தின் மறுகோடிக்கு ஓடப்போகும் பெண் தாய்மைக்கே இழுக்கு என்பது அவற்றின் சாரம். 1937ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டமே பெண்ணின் இடம் வீட்டில் என்று பொருள்பட எழுதியிருந்த நாடு அது. திருமணமான பெண்கள் அரசு வேலையை விட்டு விலகியாக வேண்டும் என்ற விதி 1973 வரை இருந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற நெதர்லாந்தின் ஃபேனி பிளாங்கர்ஸ்-கூன் இரண்டு குழந்தைகளின் தாய். அவரும் இதே வசவைக் கேட்டிருக்கிறார். அயர்லாந்தில் அது எட்டு ஆண்டு கழித்தும் ஓயவில்லை. பயணச் செலவில் தன் பங்கை கைல் தானே திரட்ட வேண்டியிருந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மெல்போர்னில் ஏறத்தாழ 3,300 விளையாட்டாளர்கள் கலந்துகொண்டனர். பெண்கள் 400க்கும் குறைவு. அயர்லாந்து அணியில் கைல் ஒருவரே பெண். ஓடுபாதையில் பெண்களுக்கு அப்போது 100 மீட்டர், 200 மீட்டர், 80 மீட்டர் தடை ஓட்டம், 4x100 தொடரோட்டம் ஆகிய நான்கே இருந்தன. தொடரோட்டத்துக்கு நான்கு பேர் வேண்டும். அயர்லாந்துக்கு இருந்தது ஒருவர். 100, 200 இரண்டிலும் ஓடிய கைல் முதல் சுற்றோடு வெளியேறினார். இரண்டிலும் தங்கம் வென்றவர் ஆஸ்திரேலியாவின் 18 வயது பெட்டி கத்பர்ட்.

அயர்லாந்துக்கு அந்த ஒலிம்பிக் பெருவெற்றி. ரானி டெலானி 1500 மீட்டரில் 3 நிமிடம் 41.2 நொடியில் தங்கம் வென்றார்; குத்துச்சண்டையில் ஒரு வெள்ளியும் மூன்று வெண்கலமும் கிடைத்தன. டெலானியின் வெற்றியை கைலின் தோல்விக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. டெலானி அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை பெற்றுப் படித்தவர். ஜம்போ எலியட் என்ற பெயர்பெற்ற பயிற்சியாளரிடம் பழகியவர். ஆண் ஓட்டக்காரர்களுக்கு நாட்டை விட்டு வெளியேறும் அப்படியொரு வழி இருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குப் பரவலாக விளையாட்டு உதவித்தொகை தரத் தொடங்கியது 1972ஆம் ஆண்டின் கல்விச் சமத்துவச் சட்டத்துக்குப் பிறகுதான். கைலுக்கு இருந்தது கணவரின் பயிற்சி, சிறுநகரக் கழகம், ஹாக்கிக்கும் வீட்டுக்கும் இடையில் கிடைத்த நேரம்.

அதே மெல்போர்னில், வேறு நாட்டின் உடையில், கைலின் அயர்லாந்து ஹாக்கித் தோழி ஒருவரும் இருந்தார். தெல்மா ஹாப்கின்ஸ் 1936இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்து பெல்ஃபாஸ்டில் வளர்ந்தவர். அங்கே குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்தவர். பிரிட்டிஷ் ஓட்டக்காரர் ரோஜர் பேனிஸ்டருக்கு வழிகாட்டிய ஆஸ்திரியர் ஃபிரான்ஸ் ஷ்டாம்ஃப்ல் அவருக்கும் பயிற்சி அளித்தார். 16 வயதில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் தாண்டி நான்காம் இடம். 1954இல் வான்கூவர் காமன்வெல்த் போட்டியில் தங்கம், பெர்ன் ஐரோப்பியப் போட்டியிலும் தங்கம். 1956 மே 5 அன்று பெல்ஃபாஸ்டில் 1.74 மீட்டர் தாண்டி உலகச் சாதனை படைத்தார். மெல்போர்னில் 1.67 மீட்டரோடு, சோவியத் வீராங்கனையுடன் வெள்ளியைப் பகிர்ந்துகொண்டார். ஒலிம்பிக்கில் அவர் பிரிட்டன் அணி, காமன்வெல்த்தில் வடக்கு அயர்லாந்து, ஹாக்கியில் அயர்லாந்து. ஹாக்கியில் மட்டும் அவர் 40 முறை பன்னாட்டு ஆட்டம் ஆடினார். ஸ்குவாஷிலும் அயர்லாந்துக்காக இறங்கினார்.

இது குழப்பமாகத் தோன்றலாம். அன்றைய ஆட்ட அமைப்புகளின் வரைபடம் அப்படித்தான் இருந்தது. ஹாக்கியும் ரக்பியும் நாடு பிரிந்த பிறகும் தீவு முழுவதற்கும் ஒரே அணியை வைத்திருந்தன. தடகளம் எல்லையோடு பிளந்தது. காமன்வெல்த்தில் வடக்கு தனி அணி. அயர்லாந்துக் குடியரசு 1949இல் காமன்வெல்த்தை விட்டே வெளியேறிவிட்டது. கில்கென்னியில் பிறந்த கைலே கூட, பாலிமீனாவில் குடியிருந்ததால், காமன்வெல்த் போட்டியில் வடக்கு அயர்லாந்தின் உடையை அணிந்திருக்கிறார். மெல்போர்னில் அயர்லாந்துக்குக் குத்துச்சண்டை வெண்கலம் வாங்கித் தந்த ஜான் கால்ட்வெல், ஃபிரெடி கில்ராய் இருவரும் பெல்ஃபாஸ்ட்காரர்கள். ஒருவரின் நாடு எது என்பதற்கு ஆட்டத்துக்கு ஆட்டம் விடை மாறியது. பல ஆட்டங்கள் ஆடியவர்களுக்கு இது கூடுதலாகவே தெரிந்திருக்கும்.

1960 ரோமில் கைல் மீண்டும் 100, 200 மீட்டர் ஓடினார்; மீண்டும் முதல் சுற்றோடு முடிந்தது. அந்த ஒலிம்பிக்கில் அவருக்குப் பயன்பட்ட செய்தி வேறொன்று. பெண்கள் 800 மீட்டர் ஓட்டம் 1928 ஆம்ஸ்டர்டாமில் ஒருமுறை நடந்து, பெண்ணுடல் தாங்காது என்ற கூச்சலில் நீக்கப்பட்டிருந்தது. 32 ஆண்டுகளுக்குப் பிறகு ரோமில் அது திரும்பியது. 1964 டோக்கியோவில் பெண்களுக்கு 400 மீட்டரும் முதன்முதலாகச் சேர்ந்தது. வெடித்துப் பாயும் குறுவேகத்தைவிட, வேகத்தை நெடுநேரம் தாங்கும் திறனே கைலின் பலம். ஹாக்கியில் ஆட்டம் முழுவதும் ஓடிப் பழகிய கால்கள் அவை. தன் உடலுக்கு ஏற்ற தூரங்கள் ஒலிம்பிக்கில் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 36.

டோக்கியோவில் 400, 800 இரண்டிலும் அவர் அரையிறுதிக்கு முன்னேறினார். மெல்போர்னில் முதல் சுற்றில் தோற்றவர், எட்டு ஆண்டு மூத்தவராகி, இரண்டு மடங்கும் நான்கு மடங்குமான தூரங்களில் அவ்வளவு தூரம் வந்தார். 400 மீட்டரில் தங்கம் வென்றவர் அதே பெட்டி கத்பர்ட். 800இல் பிரிட்டனின் ஆன் பேக்கர். கைலின் மொத்த வாழ்க்கையில் மிகச் சிறந்த சாதனை எது என்று கேட்டால் டோக்கியோவைத்தான் சொல்ல வேண்டும், பதக்கம் இல்லாவிட்டாலும். பத்து ஆண்டு முன்பே அந்தத் தூரங்கள் ஒலிம்பிக்கில் இருந்திருந்தால் பட்டியலில் அவர் பெயர் இன்னும் மேலே இருந்திருக்கும் என்று எண்ண இடமிருக்கிறது.

பதக்கம் 1966இல் வந்தது. மேற்கு ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் ஐரோப்பிய உள்ளரங்கத் தடகளப் போட்டி முதன்முறையாக நடந்தது. வளைவுகள் சரிந்து உயர்ந்த, குறுகிய உள்ளரங்கப் பாதையில் 400 மீட்டர் ஓடி அவர் வெண்கலம் பெற்றார். அப்போது வயது 37. ஹாக்கியில் பன்னாட்டு ஆட்டத்தை நிறுத்தியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். ஓடுவதை நிறுத்தவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பின்னும் 1970 எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் வடக்கு அயர்லாந்துக்காக இறங்கினார். மூத்தோர் தடகளம் அமைப்பாக உருவெடுத்த பிறகு அதில் உலக அளவிலான வெற்றிகளையும் பெற்றார்.

பிறகு நீண்ட காலம் பயிற்சியாளர் வாழ்க்கை. ஷானும் மேவும் பாலிமீனா கழகத்தில் பல தலைமுறை ஓட்டக்காரர்களை உருவாக்கினார்கள். ஊதியமில்லாத வேலை அது. மாலை நேரமும் வார இறுதியும் அதற்கே போயின. ஹாக்கி, தடகளம் இரண்டின் நிர்வாகத்திலும் மேவ் பங்கேற்றார். 2006இல் அயர்லாந்து ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2008இல் பிரிட்டிஷ் அரசின் ஓபிஇ விருது கிடைத்தது. ஷான் 2015இல் மறைந்தார். மேவ் கைல் 2025 ஜூலையில் 96ஆம் வயதில் காலமானார்.